ஒரே வாளியில் விராலும் மஹசீரும்

20 மே 2001, ஞாயிறு

கட்கியில் முளா ஆறு வற்றிக் கிடக்கிறது. இத்தனை வருடத் தூண்டிலில் இன்றுதான், வற்றாமல் மிஞ்சிய ஒரு மடுவில், முதல் மஹசீர் மாட்டியது; பெரிய ஆற்று மீன். அரை மணி நேரம் என்னை இழுத்தடித்தது. கொல்ல மனம் வரவில்லை. தேஹு கோயில் ஆற்றுப் படித்துறையில் மீன் சாமிக்குச் சொந்தம் என்று யாரும் பிடிக்க மாட்டார்கள். அங்கே விட்டுவிடலாம் என்று, காலையில் பிடித்த விரால் கிடந்த வாளியிலேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கூட வந்த செல்வம், "தண்ணி போதுமா அண்ணே?" என்றான்.

"விராலுக்குப் போதுதேடா."

முட்டாள் நான். விரால் சேற்றிலும் மூச்சு விடும். மஹசீருக்கு ஓடும் தண்ணீர் வேண்டும். பாதி வழியில், பிம்பிரி தாண்டுவதற்குள் செத்து மல்லாந்துவிட்டது.

அந்த மடுவில் இன்னொன்று இருக்கும் என்று தோன்றவில்லை.

வாளியோடு வீடு திரும்பியதும், "ரெண்டையும் குழம்பு வச்சிடவா?" என்று கேட்டாள் மனைவி. சமையலறையில் விரால் இன்னும் வாளியைத் தட்டிக்கொண்டிருக்கிறது.