உன் தேக்குப் பெட்டியும் என் திருப்புளியும்

போன வாரம் தென்காசியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் பாட்டுக் கச்சேரிக்கு வந்தவர்கள் ஒரு கறுப்பு இரும்புப் பெட்டிக்குள் தங்கள் மிஷினைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். திருகாணித் துளை ஒரு பக்கம் சரியாக வந்தால் மறுபக்கம் விலகிப் போனது. ஒருவன் கையைப் பின்னால் நுழைத்துவிட்டு வெளியே எடுக்க முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். "எவம்லே இதச் செஞ்சது? ஒரு நாளாவது இதுல கையை விட்டுப் பாத்திருப்பானா?" என்றான் மற்றவன். பெட்டிக்குள்ளிருந்து சூடேறிய பெயிண்ட் வாடை வந்தது. சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்காமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் எழுந்து போய் யோசனை சொல்லியிருப்பாய். அந்த யோசனையும் தப்பாகத்தான் இருந்திருக்கும்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்து மைக்செட் ஆரம்பித்தபோது இந்த வட்டாரத்தில் அது அபூர்வமான சாமான். எனக்கு ரத வீதியில் ரேடியோ ரிப்பேர் கடை. உனக்கு வாசுதேவநல்லூரில் வயல். வீட்டில் விவசாயத்தைப் பார்க்கச் சொன்னார்கள். நீ தென்காசிக்கு வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட ரேடியோக்களை வேடிக்கை பார்த்தாய். கடைசியில் ஒரு ஆம்ப்ளிபயர், ரிக்கார்டு சுழலும் தட்டு, ஒரு மைக், இரண்டு குழாய் ஸ்பீக்கர் என்று சேர்ந்துவிட்டன. வயர் வேலை என்னுடையது. தூக்கிப் போவது, கட்டுவது, கல்யாண வீட்டாரிடம் பேசுவது எல்லாம் உன்னுடையது. குரல் நல்ல குரல் என்பதால் மைக்கில் அறிவிப்புச் சொல்வதும் நீதான்.

சாமான்களைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோவது உனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்க வேண்டும் என்று நீயே காகிதத்தில் படம் போட்டாய். செங்கோட்டையில் தேக்குப் பலகை வாங்கி, ஆசாரி வீட்டிலேயே பழியாய்க் கிடந்து செய்து வாங்கினாய். பெட்டி வந்து இறங்கிய அன்று கடைவீதியே திரும்பிப் பார்த்தது உண்மை. மூலைக்கு மூலை பித்தளை. முகம் தெரியும் பாலிஷ். அப்படியொரு அழகான பெட்டியை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அப்படியொரு மோசமான பெட்டியையும் பார்த்ததில்லை.

ஆம்ப்ளிபயர் கீழ்த்தட்டில். அதை இறுக்கும் திருகாணிகளில் பின்னால் இருப்பவை இரண்டும் டிரான்ஸ்பார்மருக்கு மறைவில். மனிதக் கை போகாத இடம். முன்பக்கம் குமிழ்களுக்காக வெட்டிய ஓட்டைகள் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டதால் சத்தத்தைக் கூட்டும் குமிழ் மரத்தில் உரசி நின்றுவிடும். தூக்கும் கைப்பிடியை நடுவில் வைத்திருந்தாய். பாரம் முழுக்க ஒரு ஓரத்தில் இருந்தது. இரண்டு பேர் தூக்கினால் ஒருவன் நிமிர்ந்து நடப்பான், மற்றவன் தொடையில் இடி வாங்கிக்கொண்டே வருவான். எப்போதும் அந்த ஓரம் எனக்குத்தான் வாய்த்தது. உள்ளே எதைத் தொட வேண்டுமானாலும் மேலே ரிக்கார்டு தட்டைப் பலகையோடு கழற்ற வேண்டும். ஆம்ப்ளிபயருக்குள் பல்பு மாதிரி எரியும் வால்வுகளின் சூடு வெளியே போக வழியில்லை. சுரண்டையில் ஒரு சடங்கு வீட்டில் தட்டில் விட்டுவைத்த இசைத்தட்டு அப்பளம் மாதிரி வளைந்துபோனது நினைவிருக்கிறதா?

"பின்பக்கத்தத் திறந்து விடுலே. சூடு வெளிய போவட்டும்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

"திறந்து போட்டா கோழிக்கூடு மாதிரில்லா இருக்கும்? கல்யாண வீட்டுக்காரன் மொதல்ல பெட்டியத்தான் பாக்கான். பாட்டு அதுக்கு அப்புறந்தான்."

"பாட்டே வரலன்னா?"

"அதுக்குத்தான் நீ இருக்கேல்லா."

இதற்கு மேல் உன்னிடம் பேச முடியாது. நான் கோபத்தோடு திருப்புளியை எடுப்பேன். நீ பித்தளையைத் துடைக்கத் துணியை எடுப்பாய்.

உனக்குக் கல்யாணமாகி, தலை ஆடி கழிந்து அதற்கு அடுத்த ஆடி. அமாவாசைக்குக் குற்றாலத்தில் பேரருவிக்கு எதிரே மைக்செட் வைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டம். தொலைந்துபோனவர்களைக் கூப்பிடவும், பக்திப் பாட்டுப் போடவும் நாம். விடிகாலையில் சாரலில் நனைந்துகொண்டே வண்டியில் போனோம். வேறொரு வண்டியில் உன் அம்மாவும் உன் மனைவி கோமதியும் குளிக்க வந்தார்கள். தேங்காய்க் கடை ஓரத்தில் மேஜை போட்டு, கடைத் தூணில் குழாயை அருவிப் பக்கம் திருப்பிக் கட்டினாய். கார் பாட்டரியில் இணைப்புக் கொடுத்ததும் பாட்டு நன்றாகவே வந்தது. நீ என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாய். பெட்டி ஜெயித்துவிட்டது என்று அர்த்தம்.

வெயில் ஏறுகிற நேரத்தில் பாட்டு கரகரத்து, நின்றுபோனது. குமிழைத் திருகினேன், பெட்டியைத் தட்டினேன், ஒன்றும் அசையவில்லை. வண்டிக் குலுக்கலில் பின்பக்கத் திருகாணிகள் பிடிவிட்டு ஆம்ப்ளிபயர் சரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேல்பலகையின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினேன். எல்லாம் கழன்ற பிறகும் பலகை வரவில்லை. சாரல் ஈரத்தில் தேக்கு ஊதி, நான்கு பக்கமும் கவ்விப் பிடித்திருந்தது. நான் உன்னைத் திட்டினேன். நீ ஆசாரியைத் திட்டினாய்.

அப்போதுதான் மேலே பாறைப் பக்கமிருந்து ஒருவர் இறங்கி ஓடிவந்தார். வேட்டி முழங்காலுக்கு மேல் ஏறியிருந்தது. "மேல தண்ணி செவப்பா வருதுவே! கட்டையும் சருகுமா வருது! மைக்குல சொல்லும்வே, சீக்கிரம் சொல்லும்!"

அருவியைப் பார்த்தேன். இன்னும் வெள்ளையாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. கீழே ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், இடைவெளி தெரியாமல் தலைகள். போலீஸ்காரர் ஒருவர் ஓரத்தில் நின்று விசிலை ஊதினார். பக்கத்தில் நின்ற எனக்கே அது கேட்கவில்லை. அருவிக்குள் தலை கொடுத்து நிற்கிறவனுக்கு அருவியைத் தவிர வேறென்ன கேட்கும்?

நான் திருப்புளியைப் பலகை இடுக்கில் கொடுத்து நெம்பினேன். அது வழுக்கி என் கையைக் கிழித்தது.

"தள்ளுலே" என்றாய்.

தேங்காய்க் கடைக்காரர் மட்டை உரிக்கும் இரும்புப் பாரையை நீ பிடுங்கி வந்திருந்தாய். பெட்டியைச் சுற்றித் திருப்பி, அதன் பின்பலகையில் ஓங்கி இறக்கினாய். தேக்கு லேசில் உடையவில்லை. மறுபடி இறக்கினாய். பலகை நெடுக்காகப் பிளந்து, பித்தளை மூலை தெறித்து ஓடையில் விழுந்தது. உன் முகத்தை அப்போது பார்த்தேன். எந்த வருத்தமும் இல்லை. முள்வேலியை விலக்குகிறவன் முகம்போல் இருந்தது.

உடைந்த வழியாகக் கையை விட்டேன். ஒரு வால்வு குழியைவிட்டு எழும்பி நின்றது. துண்டைச் சுற்றி அதைப் பிடித்து உள்ளே அமுக்கினேன். இனி அது சூடேற வேண்டும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, காத்திருக்கத்தான் வேண்டும். நீ மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள் குளிக்கிற பக்கத்தையே பார்த்தபடி நின்றாய். அங்கே எல்லாத் தலையும் ஒன்றுபோல இருந்தது.

குழாய் உறுமியது.

"அருவியில நிக்கவங்க எல்லாரும் மேல ஏறி வாங்க. தண்ணி கூடுது. ஓட வேண்டாம், நடந்து வாங்க. துணிமணியத் தேட வேண்டாம். பக்கத்துல நிக்கவங்க கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க."

திரும்பத் திரும்ப அதையே சொன்னாய். பந்திக்கு இலை போட்டாச்சு என்று கல்யாண வீட்டில் சொல்வாயே, அதே குரல். கத்தவில்லை. முதலில் ஓரத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு உள்ளே நின்றவர்கள். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு படியேறிய கூட்டம் நம் மேஜையைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அருவியின் சத்தம் மாறியது. காவி நிறத்தில் ஒரு புரளல் பாறையைத் தாண்டி வெளியே குதித்து விழுந்தது. கைப்பிடிக் கம்பிகள் மூழ்கின. ஒரு பெரிய மரம், வேரோடு, சற்று முன்பு ஆட்கள் நின்ற இடத்தில் வந்து மோதியது. பாத்திரங்களும் செருப்புகளும் போயின. ஒருவருக்கு முழங்கால் அடிபட்டது. ஆள் யாரும் போகவில்லை.

கோமதி உன் அம்மாவைப் பிடித்தபடி ஈரச் சேலையோடு மேலே வந்து நின்றாள். நீ பார்த்தாய். ஆனாலும் அறிவிப்பை நிறுத்தவில்லை. கடைசி ஆள் ஏறிய பிறகுதான் மைக்கை வைத்தாய்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே வண்டியில் வந்தோம். இலஞ்சி தாண்டினோம். பிறகு கோமதி வெளியே வயலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"உள்ளதான நின்னோம். என் பேரச் சொல்லி ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்லா?"

"உன் பேரச் சொன்னா, பக்கத்துல நிக்கவ இது நமக்கில்லன்னு நின்னுருவாள்லா" என்றாய்.

அவள் திரும்பவில்லை. அந்தப் பதில் சரியானது என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். சரியான பதில் என்பதற்காக அவள் மனது ஆறிவிடவில்லை என்பதும் தெரிந்தது. உன் அம்மாதான் "வந்து சேந்தாச்சுல்லா, விடுங்க" என்று முடித்துவைத்தாள்.

இதற்குப் பிறகாவது உனக்குப் பெட்டி ஆசை விட்டிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த தை பிறப்பதற்குள் புதுப் பெட்டி வந்தது. இந்த முறை பின்னால் கதவு வைத்திருந்தாய். ஆனால் அந்தக் கதவு கீழ்நோக்கித் திறந்தது. மேஜையில் வைத்தால் திறக்காது. நான் பேசாமல் அதைக் காட்டினேன். "மேஜைய ஓரமாப் போட்டாப் போச்சு" என்றாய். நாம் பிரிகிறவரை மேஜையை ஓரமாகத்தான் போட்டோம்.

பிரிந்ததில் சண்டை ஒன்றுமில்லை. உன் அப்பா படுத்த படுக்கையானார். நீ வயலைப் பார்க்க ஊருக்குப் போனாய். மைக்செட்டைப் புளியறைப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொண்டார். வாசுதேவநல்லூர் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் நல்லது கெட்டதுக்கு மட்டும் பார்த்துக்கொண்டோம். நீ போன செய்தி வந்தபோது எனக்குக் காய்ச்சல். பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வர முடிந்தது.

அன்றைக்குக் கோமதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். "வருசா வருசம் ஆடி அமாவாசைக்குக் குத்தாலம் போவோம் அண்ணாச்சி. இவங்க ஒரு நாளும் நனைஞ்சதில்ல. என் துண்டத் தோள்ல போட்டுக்கிட்டு படியில நின்னு மேலயே பாத்துக்கிட்டு இருப்பாங்க. தண்ணி லேசாக் கலங்குனாப்ல இருந்தாப் போதும், 'கோமதி, வா'ன்னு அம்புட்டுப் பேரு முன்னாலயும் சத்தம் போடுவாங்க. எனக்கு வெக்கமா இருக்கும்." சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். இத்தனை வருஷத்தில் நீ இதை என்னிடம் சொன்னதில்லை.

இந்த ஆடியில் அவள் ஆள் அனுப்பினாள். பேரன்கள் இருக்கிறார்கள், ஆனால் படியில் நிற்கச் சொன்னால் அவர்களும் போய்க் குளிக்கத்தான் செய்வார்கள் என்று சொல்லியனுப்பினாள். நான் போனேன். துண்டை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள். கூட்டத்தில் கொஞ்ச நேரம் அவள் தெரிந்தாள், பிறகு தெரியவில்லை. எனக்குக் கண் முன்போல் இல்லை. இருந்தாலும் மேலே பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. கூப்பிட வேண்டிய அவசியம் வரவில்லை. வந்திருந்தால் எப்படிக் கூப்பிட்டிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருப்பேன்.

அவள் மேலே ஏறி வந்து துண்டை வாங்கித் தலையைத் துவட்டினாள். "அடுத்த வருசமும் வருவீங்கள்லா அண்ணாச்சி?"

படியில் நின்றதில் எனக்கு முழங்கால் இரண்டு நாள் வலித்தது. வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.