குறையாத தண்ணீர்

புதுக்கோட்டை
3.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மதி எழுதுகிறேன். நானும் அழகியும் அப்பாவும் நலம். ஞாயிறுதோறும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது மெயில் எதற்கு என்று நினைப்பாய். போனை ஸ்பீக்கரில் போடச் சொல்லி அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை.

விஷயம் உன் கடல் சாமந்தியைப் பற்றி, பூ மாதிரி விரிகிற அந்தக் கடல் பிராணியைப் பற்றித்தான். மே மாதம் லீவில் வந்தவன், "அம்மா போனதிலிருந்து அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார், இனி இதைப் பார்க்கட்டும்" என்று ஹாலில் உப்புத் தண்ணீர்த் தொட்டியை வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய். புண்ணியவானே, அப்பா பார்ப்பதோடு சரி. தொட்டி கழுவுவதும் மீனுக்குச் சோறு போடுவதும் நான்தான்.

வந்தபோது விரித்த கை அளவு இருந்த சாமந்தி இப்போது எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கிவிட்டது. நிறமும் வெளுத்துவிட்டது. இறால் துண்டை ஊட்டினால் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டுத் துப்பிவிடுகிறது. நடுவில் வாய் பிளந்தே கிடக்கிறது. அதற்குள் படுத்துப் புரண்ட கோமாளி மீன் இரண்டும் மூலையில் ஒண்டிக்கொண்டிருக்கின்றன. அழகி தினமும் கண்ணாடியில் மூக்கை வைத்து, "சாமந்திக்குக் காய்ச்சலாம்மா?" என்று கேட்கிறாள். நாலு வயதுக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வியாதி அதுதான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. தொட்டியில் தண்ணீர் குறைவதே இல்லை. முன்பெல்லாம் இரண்டு நாளில் நீ போட்ட கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுவேன். பதினைந்து நாளாக ஒரு சொம்புகூட ஊற்றவில்லை. இந்த வீட்டில் தொட்டியாவது என் சொல் கேட்கிறதே!

அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று மட்டும் அம்மா எங்கே என்று கேட்டார். தூக்கக் கலக்கமாக இருக்கும்.

உடனே பதில் போடு.

அன்புத் தங்கை
மதி

சிங்கப்பூர்
5.8.2025

அன்புத் தங்கை மதிக்கு,

உன் கடிதம் கண்டேன். அழகிக்கு மாமாவின் முத்தம்.

முதலில் உப்பு மீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார். முப்பத்தைந்து காட்ட வேண்டும். குறைந்தால் கோட்டைப்பட்டினத்திலிருந்து மீன் வண்டி ஓட்டிவரும் ராசுவிடம் சொல், கேனில் கடல் தண்ணீர் கொண்டுவருவார். படகுத்துறை ஓரத்தில் மொள்ள வேண்டாம், டீசல் மிதக்கும். உள்ளே போகிற படகில் கொடுத்து மொண்டுவரச் சொல். பாதித் தண்ணீரை மாற்று. கையில் சோப்போ பவுடரோ இருந்தால் தொட்டிக்குள் கை விடாதே. தண்ணீர் குறையாதது நீ மூடியை இறுக்கிப் போட்டதால்தான்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேள். சாமந்தி செத்தால் தனியாகச் சாகாது. உடம்பு கரைந்து ஒரே ராத்திரியில் தண்ணீர் முழுக்க விஷமாகிவிடும், மீன்களும் போய்விடும். தோல் கரைய ஆரம்பித்தாலோ நாற்றம் வந்தாலோ யோசிக்காமல் அள்ளி வெளியே போட்டுவிடு. பாவம் பார்க்காதே.

அப்பாவைப் பற்றி நீ பயப்பட ஒன்றுமில்லை. போன ஞாயிறு என்னிடம், புதுக்கோட்டையில் ஏறினால் ஆவுடையார்கோவில் வழியாகக் கோட்டைப்பட்டினம் வரை எத்தனை ஸ்டாப்பிங் என்று ஒன்று விடாமல் சொன்னார். டிக்கெட் செக்கராக முப்பது வருஷம் பஸ்ஸில் ஏறி இறங்கியவர் அல்லவா!

அன்புடன்
சிவபிரகாஷ்

புதுக்கோட்டை
19.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ சொன்னதையெல்லாம் செய்தேன். உப்பு இருபத்தொன்பதுதான் காட்டியது. ராசு ஐந்து கேன் கொண்டுவந்து கொடுத்தார். வீடு முழுக்க மீன் நாற்றம் அடித்ததைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. பாதித் தண்ணீரை மாற்றிய மறுநாள் சாமந்தி கொஞ்சம் விரிந்தது. அழகி கை தட்டினாள். நாலாம் நாள் பழையபடி சுருங்கியதோடு, பாறையை விட்டுக் கழன்று கண்ணாடியில் ஒட்டி ஒட்டி நகர ஆரம்பித்தது. தப்பித்துப் போக வழி தேடுவதுபோல் இருந்தது, பார்க்கவே பிடிக்கவில்லை.

நீ சாமந்தி வாங்கிய திருச்சிக் கடைக்குப் போன் போட்டேன். "தொட்டியில செம்பு எதுவும் படுதாங்களா? மீன் தாங்கிரும், சாமந்தி தாங்காது" என்றார் கடைக்காரர். சோதிக்கிற மருந்தை அனுப்பிவைத்தார். தண்ணீரில் செம்பு இருந்தது. ஒயர், மோட்டார் என்று எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். எதிலும் செம்பு வெளியே தெரியவில்லை.

இன்று விடியற்காலையில் எழுந்து வந்தபோதுதான் தெரிந்தது. தொட்டியின் மூடி திறந்திருந்தது. அம்மாவின் செம்புக் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பா டம்ளரால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். நாம் குடிக்க ராத்திரியே பிடித்துவைக்கிற தண்ணீர்.

"என்னப்பா பண்றீங்க?" என்றேன்.

"உப்புத் தண்ணியையே குடிச்சுக்கிட்டுக் கெடக்குதுக, பாவம். நாலு டம்ளர் நல்ல தண்ணி ஊத்துனா என்ன கொறஞ்சா போயிரும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்து அவர், "ஒங்க அம்மா எந்திரிச்சு வாரதுக்குள்ள ஊத்திரணும். பாத்தா வைவா" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி கொடுக்கும்போது கேட்டேன். "நானா? நான் தொட்டிப் பக்கமே போகலையே" என்றார். பொய் சொல்லவில்லை அண்ணே. எனக்கு அந்த முகம் தெரியும்.

இன்னொன்று. அவருடைய சர்க்கரை மாத்திரை அட்டையில் இந்த மாதம் நாலு மாத்திரை அதிகமாகக் காலியாகியிருக்கிறது. அவர் போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கியிருக்க வேண்டும். போன வாரம் பார்த்தபோது ஏறித்தான் இருக்கிறது. அந்த நாலும் எங்கே போயின? நான் வேலைக்குப் போகிற நேரத்தில் அழகி அவரோடுதான் இருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றால் என்னை அதட்டுகிறார், நீ சொன்னால்தான் கேட்பார். பத்து நாள் லீவு போட்டு வா.

மதி

சிங்கப்பூர்
22.8.2025

அன்புத் தங்கை மதிக்கு,

செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்றுதானே நம் வீட்டில் எல்லோரும் குடித்து வளர்ந்தோம். அந்த நல்ல தண்ணீரை வாயில்லா ஜீவனுக்கும் ஊற்றியிருக்கிறார். அதற்குப் போய்ப் புத்தி தடுமாறிவிட்டது என்பாயா? காலை எழுந்தவுடன் அம்மா ஞாபகம் யாருக்குத்தான் வராது? மாத்திரை நீ எண்ணியதில் தப்பு இருக்கும்.

குடத்தைத் தூக்கிப் பரணில் போடு. திருச்சிக் கடையில் கரிப் பை கேள், அதைத் தொட்டியில் தொங்கவிட்டால் செம்பை இழுக்கும். வாரா வாரம் கால் பங்கு தண்ணீரை மாற்று. சாமந்தி பிழைத்துவிடும்.

மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை திருச்சியில், நீ புதுக்கோட்டையில், இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அவரிடம் போக ஆசைப்படுகிறாய் என்றால் நேராகச் சொல்லு, நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன். அதற்காக அப்பாமேல் இல்லாத நோயைச் சுமத்தாதே. தீபாவளிக்கு வருகிறேன், அப்போது பேசலாம். சாமந்தியைப் போட்டோ எடுத்து அனுப்பு.

சிவபிரகாஷ்

திருச்சி
31.8.2025

அண்ணனுக்கு,

நீ சொன்னபடி குடத்தைப் பரணில் போட்டேன். கரிப் பையும் தொங்கவிட்டேன். மாத்திரை எண்ணியதில் தப்பு என்று நீ சொன்னதையும் நம்பிவிட்டேன். அப்பா இரண்டு நாள் குடத்தைத் தேடினார். அப்புறம் தேடுவதை நிறுத்திவிட்டார்.

செவ்வாய்க்கிழமை நான் லீவு. காலையில் பால் குடித்த அழகி விளையாடிக்கொண்டே தொட்டி முன்னால் படுத்துத் தூங்கிவிட்டாள். பத்து மணிக்கு எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. உடம்பெல்லாம் வேர்த்து, சில்லென்று இருந்தது. கண் மேலே சொருகிவிட்டது. ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஓடினேன். ரத்தத்தில் சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டுல யாராச்சும் சுகர் மாத்திரை போடுறாங்களாம்மா?" என்றுதான்.

குளுக்கோஸ் ஏற்றி, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், நான் போதும் என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்தே அப்பாவிடம் போனில் கேட்டேன். மறைக்கவே இல்லை. "புள்ள எளச்சுப் போச்சேன்னு பால்ல கரச்சுக் குடுத்தேன். டாக்டர் எனக்குக் குடுத்த சத்து மாத்திரதான்" என்றார். செய்த காரியத்தில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. சாமந்தி ஃபில்டர் வாயில் ஒட்டிக் கஞ்சிபோல் கரைந்து கிடந்தது. மீன் இரண்டும் வயிறு மேலாக மிதந்தன. அப்பா நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் போடாத, எல்லாம் தூங்குதுக" என்றார்.

எனக்கு அப்பாமேல் கோபமில்லை. உன்மேல்தான். வா என்று கேட்டேன். நீ சாமந்தியின் போட்டோ கேட்டாய்.

அழகியோடு திருச்சிக்கு வந்துவிட்டேன். எதிர்வீட்டு அமிர்தவல்லி அத்தையும் அவர் வீட்டுக்காரரும் வியாழக்கிழமை வரை அப்பாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அதற்குள் நீ வரவில்லை என்றால் அழகியை இங்கே என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு நான் மட்டும் அப்பாவிடம் திரும்பிப் போவேன். அவரை விட்டுவிட மாட்டேன். உனக்கு மட்டும் இனி எழுத மாட்டேன்.

கலைமதி

புதுக்கோட்டை
6.9.2025

அன்புள்ள மதிக்கு,

வியாழக்கிழமை வந்து சேர்ந்தேன். போன் செய்தால் நீ எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கேட்டை அப்பாதான் திறந்தார். "யாரு வேணும் தம்பி? மகன் சிங்கப்பூர்ல இருக்கான், மக வெளிய போயிருக்கு" என்றார். நான்தான் சிவா என்றேன். அப்படியா, உள்ளே வாங்க என்று சொல்லி உட்காரவைத்தார். போனில் என் குரலைத் தெரிகிறது. என்னைத் தெரியவில்லை. இதை நீ எனக்கு எத்தனை விதமாக எழுதிவிட்டாய்! நான் உனக்கு என்ன எழுதினேன் என்று நேற்று மறுபடி படித்துப் பார்த்தேன். அதைத் திரும்பச் சொல்லக்கூட நா கூசுகிறது. மன்னித்துவிடு.

தொட்டியைக் காலிசெய்தேன். கல், மணல் எல்லாவற்றிலும் அந்த நாற்றம் ஏறியிருந்தது. அப்பாவும் கூடவே நின்று வாளி பிடித்தார். வேலை முடிந்ததும் என் கையைத் துண்டால் துடைத்துவிட்டார்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். மறதி நோய் ஆரம்பித்து இரண்டு வருஷமாவது இருக்கும், இனி தனியாக விடக்கூடாது என்றார். மாத்திரையெல்லாம் என் பெட்டியில் பூட்டி இருக்கிறது. சாவி என் சட்டைப் பையில்.

இன்று காலை ஒரு டம்ளர் பாலோடு வந்து என் முன்னால் நின்றார். "குடிங்க தம்பி, அலைச்சல்ல எளச்சுப் போயிட்டீங்க" என்றார். அது வெறும் பால்தான். எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் டம்ளரைச் சாய்த்து அடியைப் பார்த்தேன். வாய் வரை கொண்டுபோனேன், முடியவில்லை. அவர் நகராமல் நின்றார். கடைசியில் எழுந்து போய் அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாஷ்பேசினில் ஊற்றினேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "சீனி பத்தலையா தம்பி?" என்று கேட்டார்.

நான் திரும்பிப் போகவில்லை, மதி. வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ ஒரு நாள் வந்து அப்பாவைப் பார். அழகியை மட்டும் இங்கே கூட்டிவராதே. நானே கெஞ்சிக் கூப்பிட்டாலும் கூட்டிவராதே.

சிவா