டெக்லா பெரியம்மா ஏறாத கடைசி ரயில்

வெல்டன்,
அக்டோபர் கடைசி ஞாயிறு

ஓரெஸ்ட் கண்ணா, இயேசுவுக்கு மகிமை. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், டொரண்டோவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். இருமல் நின்றதா என்று நீ எழுதவேயில்லை, கம்பளி பனியன் உடம்பில் இருக்கிறதா பெட்டியில் இருக்கிறதா?

நம் ஊருக்கு வந்த கடைசி ரயில் வியாழக்கிழமை போய்விட்டது. ரயில்காரர்கள் தண்டவாளம் போட்டபடி ஒவ்வொரு ஊருக்கும் இங்கிலீஷ் எழுத்து வரிசையில் பேர் வைத்துக்கொண்டே வந்து நட்டுவிட்டுப் போன ஊர், அவர்களே பிடுங்கிவிட்டார்கள், போ. பள்ளிக்கூடம் போனது, கொல்லன் போனான், இனி தானியக் கிடங்கும் பெட்ரோவின் மளிகைக் கடையும் நம் வீடும் பக்கத்தில் டெக்லா அக்கா வீடும்தான். ரயில் வந்த புதிதில் வயலுக்குள் இருந்த அந்த மர வீட்டை அப்படியே முழுசாக அவளும் புருஷனும் குதிரை கட்டிப் பனியில் இழுத்துக்கொண்டு வந்து தண்டவாளத்தோரம் வைத்தார்களாம், அடுப்பைக்கூட அணைக்கவில்லை, வழியிலேயே ரொட்டி வெந்தது என்பாள். அவளைத்தான் எட்மண்டனுக்கு வந்துவிடு என்று மகள் நச்சரித்தாள். மாட்டேன் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை. லாரியில குலுங்க என் இடுப்பு தாங்காதுடி, ரயில்ல வர்றதுன்னா வரேன் என்று சொல்லிவைத்தாள். கடைசி ரயிலுக்கு நாள் குறித்ததும் அந்தச் சாக்குக்கும் வழியில்லாமல் போனது, அதில் ஏறியே ஆக வேண்டும்.

அன்று எல்லோரும் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு மேடைக்குப் போனோம். அக்கா தன் டிரங்குப் பெட்டிமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பச்சை வெள்ளைக் கொடியைச் சொருகினால்தானே நம் ஊரில் ரயில் நிற்கும், அதைக் காணாமல், கொடிக்குப் பொறுப்பான அப்பா ஸ்டேஷன் கொட்டகையைத் தலைகீழாகப் புரட்டினார். இத்தனை பேர் நிக்கிறோம், நிறுத்தாம போயிருவானா என்று பெட்ரோ சிரித்தான். நாங்கள் கையை ஆட்ட ஆட்ட, வழியனுப்ப வந்திருக்கிறார்கள் என்று நினைத்து டிரைவரும் கையை ஆட்டி, நீளமாக ஊதிவிட்டுப் போயே போய்விட்டான்! சுட்டுக் கொண்டுபோன பலகாரமெல்லாம் எங்கள் கையிலேயே இருந்தது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ரயில் வருவதற்கு முன்பே அக்காவின் பாவாடைக்கு அடியில் கொடியின் நுனி எனக்குத் தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் போயிருந்தால் இந்த ஊரில் நான் பேச இன்னொரு பெண் கிடையாது கண்ணா, அந்தப் பயத்தை யாரிடம் சொல்வேன். சாயங்காலம் பீட்ரூட் சூப் கொண்டுபோனேன். பாத்துட்டியாடி என்றாள். எதைக்கா என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், அப்புறம் அழுதோம்.

கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா, நெடுஞ்சாலைவரை பஸ் இருக்கிறது, அப்பா வந்து கூட்டிவருவார். கடவுள் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். அப்பாவிடம் மட்டும் உளறிவிடாதே. கொடியைத் தொலைத்தது தான்தான் என்று நொந்துபோய் அக்காவுக்குத் தினமும் விறகு பிளந்து கொடுக்கிறார். குளிர்காலம் முடியட்டும், நானே சொல்கிறேன்.

உன் அம்மா
ஸ்டெபானியா