கட்டைவிரல் கட்சி

ஜனவரி 9, வெள்ளி

மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, இரட்டைக் கதவு பீரோ. நானும் என்னோடு சுமக்கும் மொட்டையும் கயிறு கட்டி இறக்கினோம். வீடு மாற்றித் தரும் கம்பெனியில் இருபது வருஷம் ஆகிறது. ஒருநாள்கூட எனக்கு இடுப்பு பிடித்ததில்லை.

சாயங்காலம் தங்கச்சியோடு மரபணு டாக்டரிடம் போனேன். போன மாதம் தாய்மாமாவுக்கு நெஞ்சில் பெரிய ரத்தக்குழாய் கிழிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்த ஓட்டம். மூட்டு, தோல், குழாய்ச் சுவர் எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருக்கும் இணைப்புத் திசு அவருக்குப் பிறவியிலேயே பலவீனமாம். பரம்பரையாக வருமாம். அம்மா நாற்பத்து மூன்று வயதில் மூளையில் குழாய் வெடித்து இறந்ததும் இதனால்தான் இருக்கும் என்றார் டாக்டர். தங்கச்சிக்கு இப்போது இரண்டாவது மாதம். இது இருந்தால் பிரசவமே ஆபத்து.

திரும்பும்போது அவள் பையைப் பிடுங்கிக்கொண்டேன். "ஒரு தண்ணி பாட்டில்தான் இருக்குண்ணா!"

இருக்கட்டுமே.

ஜனவரி 11

எந்தக் குழந்தை கையில் கிடைத்தாலும் அத்தை முதலில் கட்டைவிரலைத்தான் வளைத்துப் பார்ப்பாள். மணிக்கட்டைத் தொட்டால் அம்மா கட்சி, தொடாவிட்டால் அப்பா கட்சி. தங்கச்சி அம்மா கட்சி. பள்ளிக்கூடத்தில் விரலை வளைத்துக் காட்டியே மிட்டாய் சம்பாதித்தவள். என் விரல் விறகுக்கட்டை.

அப்படியானால் அவளுக்குத்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை அவளோடு என் ரத்தத்தையும் எடுத்தார்கள். எனக்கெதுக்கு என்று வளையாத விரலைக் காட்டினேன். "விரலை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். சரி, அவர் திருப்திக்கு.

பிப்ரவரி 6

தங்கச்சிக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

பிப்ரவரி 7

ஒரு மாதமாக அவளை ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த விடவில்லை. நான் மட்டும் ஃப்ரிட்ஜைச் சுமந்துகொண்டு படியேறியிருக்கிறேன். என்ன கொழுப்பு எனக்கு! போனில் அழுதாள். "எனக்கு இல்லைன்னு நிம்மதியா இருக்கக்கூட விடமாட்டியா நீ?"

பிப்ரவரி 17

தலையில் ஸ்கேன். ஒரு குழாயில் வீக்கம், ஏழு மில்லிமீட்டர். ஒரு பட்டாணி அளவு.

அம்மா அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டே "தலை வலிக்குதுடா" என்றாள். அதோடு சரி. அவளுக்குள்ளும் இந்தப் பட்டாணி இருந்திருக்குமோ? யார் பார்த்தார்கள்?

"தொடை வழியா மெல்லிய கம்பிச்சுருளை அனுப்பி அடைச்சிடலாம். உங்க குழாய் மெலிசு, ரிஸ்க் கொஞ்சம் கூடத்தான். அப்படியே விட்டா அதைவிடக் கூட" என்றார் ஸ்கேனைப் பார்த்த டாக்டர்.

"அப்ப அடைச்சிடுங்க" என்றேன், வாசல் குழாயைச் சொல்வதுபோல. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

பிப்ரவரி 19

மேனேஜர் என்னை போன் எடுக்கும் மேஜைக்கு மாற்றிவிட்டார். மொட்டை புலம்புகிறான்: "புதுசா வந்தவன் கட்டில் காலைப் புடிக்கவே யோசிக்கிறான்ணே."

மார்ச் 12

ஆஸ்பத்திரி. நாளைக் காலை ஏழு மணிக்கு உள்ளே கூப்பிடுவார்களாம். தங்கச்சி பேனாவைப் பிடுங்க—

மார்ச் 16

உயிரோடு இருக்கிறேன். தொடை கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. இனி வருஷா வருஷம் ஸ்கேன். ஒரு வருஷத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். ஐந்து கிலோ! அது என் சாப்பாட்டுப் பை.

கிளம்பும்போது பையை எடுத்தேன். தங்கச்சி பிடுங்கிக்கொண்டாள். உள்ளே என் சட்டை ஒன்றுதான் இருந்தது.

ஆகஸ்ட் 14

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அத்தை வந்தாள். பழக்கதோஷம், கை நேரே கட்டைவிரலுக்குப் போனது. என் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "வளைச்சுப் பாரு அத்தை, அது சும்மா விரல்தான்" என்றேன். பார்க்கவில்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தங்கச்சி குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் கை நீட்டவில்லை. நர்ஸிடம் எடை கேட்டேன். மூன்று கிலோ இருநூறு. சரியாகச் சொல்லுங்கள் என்று மறுபடியும் கேட்டேன். அதேதான்.

வாங்கிக்கொண்டேன். ஐந்து கிலோ ஆக இன்னும் இரண்டு மாதமாவது ஆகும். அதுவரைக்கும் யாருக்கும் தருவதாக இல்லை.