பஸ் முதலாளிகளின் வேலைநிறுத்தம்

சிட்லபாக்கம்,
12-7-1999.

மேலாளர் அவர்கள்,
தேர் சாஃப்ட்வேர்,
ஜி.எஸ்.டி. ரோடு (பாத்திரக்கடை மாடி),
குரோம்பேட்டை.

ஐயா,

இதை உங்கள் இன்டர்நெட் மெசேஜ் போர்டில்தான் எழுதியிருக்க வேண்டும். மூன்று முறை எழுதிப் பதில் இல்லாததால் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட பிறகு கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாதல்லவா?

உங்கள் 'பஸ் முதலாளி' விளையாட்டில் நான் 'சாமுண்டி ட்ரான்ஸ்போர்ட்'. கம்ப்யூட்டரில் தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் பதினாறு பஸ் ஓட்டுகிறேன். நிஜத்தில் எனக்கு ஒரு சைக்கிள்கூட இல்லை. அந்த வேளச்சேரி ரூட்டை விளையாட்டு ஏலத்தில் என்னிடம் பறிகொடுத்தவர் 'ரூட் ராஜா' என்ற பெயரில் ஆடுபவர். அந்த ஆத்திரத்தில் போர்டில் நான் எப்போதோ சொன்ன என் அப்பா பெயரை டெலிபோன் டைரக்டரியில் தேடி எடுத்து, எங்கள் வீட்டு எண்ணை உங்கள் போர்டில் போட்டிருக்கிறார். "சாமுண்டியுடன் அரட்டை அடிக்க ஆசையா? எந்நேரமும் கூப்பிடலாம்" என்று ஒரு வரி வேறு.

கூப்பிடுகிறார்கள் ஐயா. முன்பின் தெரியாதவர்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். எட்டு வருஷம் காத்திருந்து வாங்கிய போன் அது. அப்பாவுக்கு அரிசிக்கடை, ஆர்டரெல்லாம் போனில்தான் வரும். ஒவ்வொரு முறை மணி அடிக்கும்போதும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சொதந்திர தினத்துக்குள்ள இது நிக்கலன்னா போனையும் திருப்பிக் குடுத்துருவேன், உன் கம்ப்யூட்டர் கிளாசுக்கும் முழுக்கு. வூட்டோட இரு" என்று சொல்லிவிட்டார். டிப்ளமா முடிய இன்னும் ஒரு பரீட்சைதான் பாக்கி. இப்போதே கிளாசுக்கு அனுப்புவதில்லை.

அந்தப் பதிவை நீக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பட்டனை அழுத்தும் நேரம். போர்டின் மூலையில் 'மேற்பார்வை' என்று போட்டிருக்கிறீர்களே, அப்படி ஒரு ஆள் உண்மையிலேயே இருக்கிறாரா, அல்லது வயலில் நிற்கும் பொம்மையா?

இப்படிக்கு,
த. சாமுண்டீஸ்வரி


குரோம்பேட்டை,
17-7-1999.

அன்புடையீர்,

தங்கள் 12-7-99 தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றோம். தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது. உரிய ஒப்புதல் கிடைத்தவுடன் நடவடிக்கை எடுக்கப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
அ. அருள்மேரி,
மேற்பார்வை.

(மேலே இருப்பது டைப் அடித்தது, இது நான் பேனாவால் எழுதுவது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் வருத்தம் தெரிவிக்க உங்கள் வீட்டுக்குப் போன் செய்தேன். "சாமுண்டி இருக்காங்களா" என்று கேட்டதுதான் தாமதம், உங்கள் அப்பா என்னை அப்படித் திட்டினார். அவர்மேல் தப்பில்லை. பொம்மை இல்லை, ஆள்தான்.)


சிட்லபாக்கம்,
20-7-1999.

அருள்மேரி மேடம் அவர்களுக்கு,

அடைப்புக்குறிக்குள் இருந்ததற்கு மட்டும் நன்றி. வெளியே இருந்ததை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பரிசீலனைன்னா இன்னா, பண்ணமாட்டோம்னு அர்த்தம்" என்றார். அப்பாவும் நானும் ஒத்துப்போவது அபூர்வம். இதில் ஒத்துப்போனோம்.

என்னை வெளியே விடாததால் என் கிளாஸ்மேட் பேபிதான் பிரௌசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறாள். எண் இன்னும் அப்படியே இருக்கிறதாம். அதற்குக் கீழே வேறு சிலர் எழுதியிருப்பதை அவள் எனக்குச் சொல்ல மறுத்துவிட்டாள்.

என் ஒருத்தி பிரச்சினை என்று நினைக்காதீர்கள். கீழ்க்கட்டளையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் லாசரஸ் அண்ணன், புதிதாக ஆட வருகிறவர்களுக்காக டீசல் கணக்கு முதல் டயர் மாற்றுவது வரை உட்கார்ந்து பாடம் மாதிரி எழுதிப் போட்டிருந்தார். அதை நீக்கிவிட்டீர்கள். அவரை ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டியதை விட்டுவைத்திருக்கிறீர்கள். களையை விட்டுப் பயிரைப் பிடுங்குவதற்கு எதற்கு மேடம் ஒரு மேற்பார்வை? போர்டில் எல்லோரும் கொதித்துப்போயிருக்கிறார்கள். உங்களுக்கு அதெல்லாம் கண்ணில் படுவதில்லையா?

முந்தாநாள் ஒருவன் போன் செய்து நான் என்ன புடவை கட்டியிருக்கிறேன் என்று கேட்டிருக்கிறான். எடுத்தது அம்மா. அம்மா இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. எனக்கு அழுகையாக வருகிறது. கோபமாக எழுதத்தான் உட்கார்ந்தேன்.

சாமுண்டீஸ்வரி


கீழ்க்கட்டளை,
25-7-1999.

அன்புள்ள சாமுண்டீஸ்வரிக்கு,

இது ஆபீஸ் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். மேடம் எல்லாம் வேண்டாம். எனக்கு இருபத்தொன்பது வயதுதான்.

எல்லாமே என் கண்ணில் படுகிறது. படுவதுதான் என் வேலை, அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. போர்டில் எதை நீக்குவதாக இருந்தாலும் அச்செடுத்து, காரணம் எழுதி, எங்கள் முதலாளி தட்சிணாமூர்த்தி சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் தெரியாமல் சாருடைய மச்சான் எழுதியதை நீக்கிவிட்டாராம். அவருக்கு வேலை போயிற்று, எனக்கு இந்தச் சட்டம் வந்தது. சார் மாதத்தில் பாதி நாள் ஊரில் இல்லை. வந்தாலும் கட்டாக வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். 'பாராட்ட வேண்டியவை' என்று நான் தனியாக வைத்திருந்த கட்டிலும் சேர்த்துப் போட்டுவிட்டார். கையெழுத்துப் போட்டதையெல்லாம் நீக்கியாக வேண்டும் என்பதும் சட்டம். லாசரஸ் அண்ணன் எழுதியது அப்படித்தான் போயிற்று, அவரைத் திட்டியது இன்னும் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது.

உங்கள் விஷயத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். "பொண்ணு பேரைச் சொல்லி நாலு பேரு கூப்பிட்டா என்னா ஆயிடப்போவுது? சண்டை இருந்தாத்தாம்மா கூட்டம் வரும்" என்றார். காகிதத்தை டிராயரில் போட்டுவிட்டுக் கோயம்புத்தூர் கிளம்பிவிட்டார். அங்கே யாரோ பெரிய இடத்தில் விளையாட்டை விற்கப் பார்க்கிறார். ஆகஸ்ட் பாதிவரை அங்கேதான்.

நானாக நீக்கினால் என்ன என்று கேட்பீர்கள். பயம். அதுதான் உண்மை. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. தினம் நூறு பேர் என்னைப் போர்டில் திட்டுகிறார்கள், ஒருவரிடமும் இதைச் சொல்ல முடிவதில்லை. உங்களிடம் சொல்லிவிட்டேன். ஏனோ பாரம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது.

சாருக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியம். காலையில் எழுந்ததும் நேற்று எத்தனை பஸ் ஓடியது என்று போனில் கேட்பார். அந்த எண் குறைந்தால் அன்று காபி இறங்காது. மற்றபடி உலகமே கவிழ்ந்தாலும் கவலைப்பட மாட்டார்.

அன்புடன்,
அருள்மேரி


சிட்லபாக்கம்,
29-7-1999.

அன்புள்ள அக்கா,

இனிமேல் அக்காதான். என்னை நீ என்றே எழுதுங்கள். பொம்மை என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தின் கடைசிப் பாராவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தினமும் நாங்கள் 'வண்டியை எடு' பட்டனை அழுத்தினால்தானே பஸ் ஓடும்? அழுத்தாவிட்டால்?

பேபியை லாசரஸ் அண்ணன் கடைக்கு அனுப்பினேன். அவருக்கு விஷயத்தைச் சொன்னதும், "பஸ் முதலாளிங்களே ஸ்ட்ரைக் பண்றதா? கேக்கவே ஷோக்கா கீதே!" என்று சிரித்தாராம். அப்புறம் என் வீட்டு எண் விஷயம் தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம். அவருக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். வருகிற ஏழாம் தேதி சனிக்கிழமை போர்டில் நோட்டீஸ் போடுகிறார். திங்கட்கிழமை முதல் ஒரு பஸ்ஸும் டிப்போவை விட்டு வெளியே வராது. கோரிக்கை ஒன்றே ஒன்று: போர்டைக் கவனிக்கிறவருக்குக் கவனிக்கிற அதிகாரம் கொடு.

அக்கா, இதில் உங்கள் வேலைக்கு ஆபத்து என்றால் ஒரு வரி எழுதுங்கள். அத்தோடு விட்டுவிடுவோம். என் படிப்புக்காக உங்கள் சோற்றில் மண் விழ வேண்டாம். சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்பா இப்போது போன்மேல் தலையணையை வைத்து மூடிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள்,
சாமுண்டி


(தபால் கார்டு)
கீழ்க்கட்டளை,
2-8-1999.

அன்புள்ள சாமுண்டிக்கு, நலம். இங்கே நல்ல வெயில். பஸ் வராவிட்டால் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, நடந்து போய்ப் பழக்கம்தான். லாசரஸ் அண்ணனையும் கேட்டதாகச் சொல்லவும்.
அருள்மேரி


கீழ்க்கட்டளை,
12-8-1999.

என் அன்புத் தங்கை சாமுண்டிக்கு,

முதலில் ஒரு வரி: எடுத்துவிட்டேன். உன் வீட்டு எண், அதற்குக் கீழே இருந்த கண்றாவி எல்லாம் செவ்வாய்க்கிழமை மத்தியானமே போய்விட்டது. இப்போது மூச்சு விட்டுக்கொண்டு மற்றதைப் படி.

திங்கட்கிழமை காலையில் திரையைத் திறந்தேன். ஒரு பஸ் இல்லை. தாம்பரத்தில், பல்லாவரத்தில், மேடவாக்கத்தில் எல்லா ஸ்டாப்பிலும் 'பயணிகள் காத்திருக்கிறார்கள்' என்று எண் ஏறிக்கொண்டே போகிறது. எனக்குப் பயமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அன்று காலை சார் போனில் கேட்டது ஞாயிற்றுக்கிழமை எண்ணை, அதனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் என்னிடம் எண்ணைக் கேட்பதற்கு முன்பே கோயம்புத்தூரில் அந்தப் பெரிய மனிதர்களை உட்காரவைத்துக் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டியிருக்கிறார். ஊரெல்லாம் பஸ் டிப்போவில்! உடனே போன்.

"என்னாம்மா நடக்குது அங்க? அந்த நோட்டீஸை மொதல்ல தூக்கு!"

"தூக்கிடலாம் சார். காரணம் எழுதி அச்செடுத்து வெச்சிருக்கேன். உங்க கையெழுத்துதான் வேணும்."

"நான் கோயம்புத்தூர்ல இருக்கேன்மா!"

"ஃபேக்ஸ் அனுப்பட்டுமா சார்?"

"அனுப்பு, அனுப்பு!"

"மெஷின் ரிப்பேர் சார். சரி பண்றதுக்கு நீங்க இன்னும் சைன் போடலை. உங்க டிராயர்லதான் இருக்கு."

சாமுண்டி, சத்தியமாக நான் நடிக்கவில்லை. எல்லாமே உண்மை. அந்த மனிதர் போட்ட சட்டம் உன் எண்ணை ஒரு மாதம் காப்பாற்றியது. அதே சட்டம் அன்று லாசரஸ் அண்ணனின் நோட்டீஸையும் காப்பாற்றியது. அந்தப் பக்கம் யாரிடமோ 'ரெண்டு நிமிஷம்' என்று கெஞ்சினார் சார். பிறகு, "இனிமே கையெழுத்தும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீயே பார்த்து எது வேணாமோ எடுத்துடு" என்றார். "சார், இது அந்த ஒரு நோட்டீஸுக்கா, எல்லாத்துக்குமா?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும்தாம்மா! ஆளை விடு!" என்று வைத்துவிட்டார்.

எல்லாத்துக்கும் என்றாரே! முதலில் உன் எண்ணை எடுத்தேன். அடுத்து ரூட் ராஜாவை உள்ளே வரமுடியாமல் செய்தேன். லாசரஸ் அண்ணனின் பாடத்தைத் திரும்பப் போட்டேன், அச்செடுத்த பிரதி என்னிடம் பத்திரமாக இருந்தது. வேலைநிறுத்த நோட்டீஸை மட்டும் எடுக்கவில்லை. நானே பார்த்து எடுக்கச் சொன்னார். பார்த்தேன், அதில் எடுக்க வேண்டியது ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் லாசரஸ் அண்ணனே வாபஸ் வாங்கினார். புதன்கிழமை எல்லா பஸ்ஸும் ஓடின. போர்டில் ஒருவர் 'மேற்பார்வைக்கு நன்றி' என்று எழுதியிருக்கிறார். போர்டில் எனக்குக் கிடைத்த முதல் நன்றி. டாய்லெட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

சார் இன்று காலை வந்தார். திட்டுவார் என்று இருந்தேன். நேற்றைய எண்ணைக் கேட்டார், சொன்னேன், காபி கேட்டார். அவ்வளவுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். உன் எண்ணை நான் எங்கும் குறித்து வைத்துக்கொள்ளவில்லை. அச்செடுத்த தாளையும் டிராயரிலிருந்து எடுத்துக் கிழித்துவிட்டேன். தப்பான இடத்தில் பார்த்த எண், அது எனக்கு வேண்டாம்.

பரீட்சைக்கு அனுப்புகிறாரா அப்பா? உடனே எழுது.

அன்புடன்,
அருள்மேரி


சிட்லபாக்கம்,
18-8-1999.

அன்புள்ள அருள்மேரி அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அப்பா கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முதல் வரியைப் படித்ததும் நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இத்தனை நாள் பேசாமல் இருந்தவள், "விடுடி, சாம்பார் தீயுது" என்றாள். அது போதும் எனக்கு.

செவ்வாய்க்குப் பிறகு ஒன்றிரண்டு போன் வந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து ஒன்றுகூட இல்லை. வீடே அமைதியாகிவிட்டது. சுதந்திர தினத்தன்று அப்பா தலையணையை எடுத்துவிட்டுப் போனைத் துணியால் துடைத்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "இன்னாடி, செத்துப்போச்சா?" என்றார். "இல்லப்பா, யாரும் கூப்பிடல" என்றேன். சாயங்காலத்துக்குள் நாலைந்து தடவை அப்படிப் பார்த்திருப்பார். ராத்திரி சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு கிளாசுக்குக் கெளம்பு. லேட்டா போனா பெஞ்சு கிடைக்காது" என்றார். நான் எழுந்து அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன். பேசினால் அவரும் அழுதுவிடுவார் போல இருந்தது.

மூன்று நாளாகக் கிளாஸ் போகிறேன். விட்டுப்போன பாடத்தை பேபி நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். மாதக் கடைசியில் பரீட்சை. நேற்று வரும் வழியில் பிரௌசிங் சென்டரில் அரை மணி உட்கார்ந்தேன். பதினாறு பஸ்ஸையும் கிளப்பிவிட்டேன். போர்டை மேலிருந்து கீழ்வரை படித்தேன். டீசல் சந்தேகம், டயர் சந்தேகம், இரண்டு பேர் நியாயமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்கப் படிக்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஸ்ட்ரைக் கதையை அப்பாவிடம் முழுசாகச் சொன்னேன். ஃபேக்ஸ் மெஷின் கட்டம் வந்ததும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்தப் பொண்ணையா நான் அப்பிடித் திட்டினேன்? பாவம். அத ஒரு தபா போன் பண்ணச் சொல்லு. நானே எடுத்து மன்னிப்பு கேக்கணும்" என்றார்.

அதனால் அக்கா, ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் கூப்பிடுங்கள். முதலில் அப்பாதான் எடுப்பார். பயப்படாமல் "சாமுண்டி இருக்காளா" என்று கேளுங்கள். எங்கள் வீட்டு எண்ணைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். இந்த முறை நானே என் கையால் எழுதியது. இதைக் கிழிக்காதீர்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சாமுண்டி