தர்ஷி பார்க்கும் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. வட்டவளை மழைக்குச் சொல்லவா வேண்டும். ஒரு துணியும் காயவில்லை. குவைத்தில் இருந்தவரை வெயிலைத் திட்டினேன். இப்போது ஒரு மணி நேரம் அடித்தால் போதும்.

வந்து ஒரு மாதம். மகள் தர்ஷி இன்றும் என் தங்கச்சி ராணி கையால்தான் சாப்பிட்டாள், ராணியோடுதான் தூங்கினாள். இரண்டு வயதில் விட்டுப் போனேன், இப்போது ஐந்து. குறை சொல்ல எனக்கு ஏது வாய்? பொம்மை, சாக்லேட், காலுக்குச் சப்பாத்து, எல்லாம் கொடுத்தாயிற்று. வாங்கிக்கொள்கிறாள். முகத்தைத்தான் பார்ப்பதில்லை.

"பழகிருவாக்கா" என்கிறாள் ராணி. எப்போது?

ஜூன் 4, புதன்

தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளை காம்பராவில் கண் பரிசோதனை. கேமரா மாதிரி ஒரு மிஷின், எட்ட நின்று ஒரு சொடுக்கு, அவ்வளவுதான். தர்ஷிக்கு மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தார்கள்.

"சிலிண்டர் கூடுதலாக் காட்டுது. அட்டன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார் பரிசோதிக்க வந்த மிஸ்.

எனக்குத் தெரிந்த சிலிண்டர் கேஸ் சிலிண்டர்தான். கருவிழி ஒரு பக்கம் அதிகமாக வளைந்திருக்குமாம், கண்ணாடி போடவேண்டி வருமாம்.

'நீ பக்கத்துல இருந்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும்.' வீட்டுக்காரர் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 6, வெள்ளி

பஸ்ஸில் ராணி மடியில் தர்ஷி. என் மடியில் பை.

டாக்டரம்மாவிடமும் அதே மாதிரி மிஷின். ராணி பிள்ளையைக் கதிரையில் உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் கதவோரம்.

"இங்க பாருங்க செல்லம், குருவி கத்துது." சொடுக்கு. அதே சிலிண்டர். இன்னொன்று. அதேதான்.

டாக்டரம்மா மிஷினை இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"நீங்க யாரு?"

"அம்மா." சொல்லும்போது ராணியைப் பார்த்தேன், அனுமதி கேட்கிற மாதிரி.

"பிள்ளை மிஷினைப் பாக்கவே இல்லம்மா. கண்ணு உங்க பக்கமே போகுது. ஓரமாப் பாத்தா வெளிச்சம் கண்ணுக்குள்ள சாய்வாப் போகும். அப்ப எடுத்தா யாரு கண்ணுன்னாலும் சிலிண்டர் காட்டும். இங்க வாங்க, எனக்குப் பின்னால நில்லுங்க."

"அன்னைக்குப் பிள்ளை காம்பராவிலயும் வாசல் பக்கந்தானக்கா நின்ன" என்றாள் ராணி.

போய் நின்றேன். தர்ஷி பார்த்தாள். நேராக. சிரிக்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, வெட்கமாக இருந்தது. சொடுக்கு.

"கண்ணு நல்லா இருக்கு. கண்ணாடியே வேணாம். கூட்டிட்டுப் போங்க."

"இன்னொரு தடவை எடுங்க டாக்டர்" என்றேன், நின்ற இடத்தை விட்டு நகராமல்.