ஆலங்கட்டி மழையில் ஓடிய உன் தங்கச்சி

என் அருமை மச்சான் ஜமீலுக்கு, சலாம்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன், அடக்கி வைக்க முடியவில்லை. உன் தங்கச்சி ஓடிவிட்டாள். பதறாதே, திரும்பியும் வந்துவிட்டாள். சான் ஹோசேவுக்குக் கிழக்கே இருக்கிற மலைகளில், ஜனவரி மழையில், பதின்மூன்று மைல். வருஷா வருஷம் நீ ஓடுவாயே, அதே பந்தயம்.

நானும் ஓடினேன். ஓடினேன் என்று நான்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நீ போன பிறகு உன் தங்கச்சி நசீமா இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலோரம் கிடந்தவள், உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்த நாளிலிருந்து உன் பேரையே எடுக்கவில்லை. ஆபீஸ் போனாள், சமைத்தாள், எங்கள் மகள் சனாவை ஸ்கூலில் விட்டாள், கூட்டி வந்தாள். திண்டுக்கல்லிலிருந்து மாமி போன் பண்ணினால், "நல்லா இருக்கோம்மா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு ரிசீவரை என் கையில் திணித்துவிடுவாள். மாமி என்னிடம் கேட்பார்கள், "அவளுக்கு எம்மேல கோவமா மாப்பிள்ளை?" பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட விசா கிடைக்காத தாய் அவர்கள்.

கோடை முடியும் நேரத்தில் ஒரு நாள் விடிகாலை, சுபுஹு தொழுதுவிட்டு வெளியே போனவள் வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினாள். எங்கே போனாய் என்றேன். "சும்மா, ஓடிட்டு வந்தேன்." மறுநாளும் போனாள். அதற்கடுத்த நாளும். பிறகு திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "ஜனவரி ரேஸுக்கு ரெஜிஸ்டர் பண்ணிட்டேங்க. உங்களுக்கும் சேர்த்து" என்றாள். காலேஜ் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன் நான் என்பது உன்னை விட யாருக்குத் தெரியும்?

பந்தயத்தன்று காலை கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டித்தான் கிளம்பினோம். சனாவைப் பக்கத்து வீட்டு ஆன்ட்டியோடு முடிவுக் கோட்டருகே நிறுத்தினோம். நசீமா தலைத்துணிக்கு மேலே கம்பளித் தொப்பி மாட்டி, உன் நீல ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டாள். கை நீளமாகத் தொங்கியது, மடித்து விட்டுக்கொண்டாள். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

மச்சான், அந்த முதல் ஏற்றத்தைப் பற்றி நீ ஏன் என்னிடம் சொல்லவே இல்லை? தொடங்கியதும் சுவர் மாதிரி எதிரே நிற்கிறது. மழையில் களிமண் ஊறி, ஒவ்வொரு எட்டுக்கும் ஷூ அடியில் அடை அடையாக ஒட்டிக்கொள்கிறது. காலைத் தூக்கினால் மலையே கூட வருகிற மாதிரி இருந்தது. வேலிக்கு உள்ளே மாடுகள் நின்று எங்களை ஒரு தினுசாகப் பார்த்தன. நான் சீக்கிரமே நடக்க ஆரம்பித்துவிட்டேன். உன் தங்கச்சி நடக்கவில்லை. சின்னச் சின்ன எட்டாக வைத்து, தலையைக் குனிந்துகொண்டு போய்க்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது மலை உச்சியில் அவள் நின்றபோதுதான் எட்டிப் பிடித்தேன். அங்கே ஒரு மேசை. மழைக்கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, உப்புத் தொட்ட அவித்த உருளைக்கிழங்கு கொடுத்துக்கொண்டிருந்தார். அதைப் போல ருசியான கிழங்கை வாழ்க்கையில் நான் தின்றதில்லை. வாயில் போட்டு மெல்லும்போதே ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. மேசை படபடவென்று அதிர்ந்தது. காற்று நிற்க விடவில்லை. "திரும்புகிறவர்கள் இங்கேயே திரும்பலாம், அதில் ஒன்றும் வெட்கமில்லை" என்றார் பாட்டி.

நான் நசீமாவின் கையைப் பிடித்தேன். உதடு நீலம் பாரித்திருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"போதும் நசீ. இவ்வளவு தூரம் வந்ததே பெரிசு. வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் கையை உருவிக்கொண்டாள். "ஆஸ்பத்திரியில அண்ணன் ஒரு நாளாவது அப்படிச் சொல்லுச்சா? நான் சொன்னேனா? நீங்க போங்க. நான் வரல."

உன் பேச்சை அவள் வாயால் கேட்டு எத்தனை மாசம் ஆகிவிட்டது தெரியுமா? அதுவும் கத்தி. ஆலங்கட்டிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். பாட்டிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நான் இன்னொரு கிழங்கை வாயில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓடினேன்.

இறக்கத்தில் அவள் வழுக்கி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள். தூக்கிவிடப் போன நானும் சறுக்கி அவள் பக்கத்திலேயே போய் விழுந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் மூக்கிலெல்லாம் சேறு. சிரிக்க ஆரம்பித்தாள். எழுந்திருக்க முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாள். எங்களைத் தாண்டிப் போனவர்களும் சிரித்துக்கொண்டே போனார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன் மச்சான். மழையாயிருந்தது நல்லதாகப் போயிற்று.

அப்புறம் அவள் எழுந்து போனவள்தான். கடைசி ஏற்றத்தில் முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. நான் முடிவுக் கோட்டைத் தொடும்போது அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள். "டாடி, மம்மி கேம் எ லாங் டைம் அகோ" என்றாள் சனா, துக்கம் விசாரிக்கிற குரலில்.

இதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. காரில் ஹீட்டரைப் போட்டோம். நசீமா காலிங் கார்டு நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் ஊருக்குப் போன் போட்டாள். அங்கே மாமி தூங்கியிருப்பார்கள். பதறியடித்து எடுத்தார்கள்.

"அம்மா, நான் மலையில ஓடினேம்மா."

"யாருடி உன்னத் துரத்துனா?"

நசீமாவுக்கு மறுபடியும் சிரிப்பு. "யாரும் துரத்தலம்மா. அண்ணன் ஓடுமே, அந்த ரேஸு. அண்ணன் சட்டையைப் போட்டுக்கிட்டு ஓடினேன்."

பிறகு மாமி மெதுவாகக் கேட்டார்கள், "அவனுக்கு அந்த ஊர்ல குளிருச்சாடி கடைசியில?" "இல்லம்மா. நான் போர்த்தி விட்டேன்," என்றாள் நசீமா. பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நன்றாக, வாய்விட்டு. கார்டு தீர்ந்து லைன் அறுந்துபோகும்வரை அழுதார்கள், பேசினார்கள், உன்னைத் திட்டினார்கள், மறுபடி அழுதார்கள். நானும் சனாவும் காரின் முன்சீட்டில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றோம்.

திரும்பி வரும்போது ஃப்ரீவே முழுக்க உன் கதைதான். சனா "தென் வாட் ஹாப்பன்ட்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நீ கிணற்றில் குதித்தது, பள்ளிவாசல் மாடியில் பட்டம் விட்டது, எல்லாம் வந்தது. காலேஜ் காலம் வந்ததும் நசீமா நிறுத்திவிட்டாள். "அதெல்லாம் உங்க டாடிக்குத்தான் தெரியும்."

சொல்கிறேன் மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று நீ என் வாயைப் பொத்தியவை உட்பட, ஒன்றையும் விடாமல் உன் மருமகளுக்குச் சொல்வேன். கோபம் வந்தால் கனவில் வந்து கேள்.

இப்போது மாடிப்படி இறங்கக்கூடக் கால் மடங்காத,
உன் தங்கச்சி மாப்பிள்ளை,
அன்வர்